இரும்புக் காலணி: காயமுற்றோருக்கான வலிமைப் பயிற்சி வரலாற்றில் ஒரு திருப்பம்

ஆய்வுச் சுருக்கம்

உடல்நலம் மிக்கோருக்கென உருவான வலிமைப் பயிற்சியைப் பின்னர் மருத்துவர்கள் காயமுற்றோருக்கு ஏற்பக் குறைத்துக்கொண்டனர் என்பது பொதுவான எண்ணம். இன்று உலகெங்கும் உடற்பயிற்சிக் கூடங்களில் வழங்கும் அடிப்படை அளவுகள் சில, இரண்டாம் உலகப் போர்க்கால மருத்துவமனையில், நலிந்த முழங்கால்களை முன்வைத்து வகுக்கப்பட்டவை என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. தாமஸ் டெலார்ம் 1944 முதல் உருவாக்கிய முறையை நடுவமாகக் கொண்டு, அதற்கு முந்தைய இயந்திர மருத்துவத்தையும், பின்னர் எழுந்த மாற்றுமுறைகளையும், கருவியின்றி வலிமை வளர்க்க நிகழ்ந்த முயற்சிகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: வலிமைப் பயிற்சி, மறுவாழ்வு மருத்துவம், டெலார்ம், பத்துமுறை உச்சப் பளு, சமநீளச் சுருக்கம், முன்தொடைத் தசை

1. எந்திரங்களின் காலம்

நோயுற்ற உறுப்புக்கு அசைவே மருந்து என்னும் கருத்து ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமைப்பு வடிவம் பெற்றது. சுவீடனைச் சேர்ந்த பேர் ஹென்ரிக் லிங் (1776–1839) வகுத்த மருத்துவ உடற்பயிற்சியில் எதிர்விசை தருவது மனிதக் கை. நோயாளர் கையை மடக்குவார். பயிற்றுநர் தம் கையால் அதைத் தடுப்பார். ஒரு நோயாளருக்கு ஒரு பயிற்றுநர், சில வேளைகளில் இருவர் வேண்டும். தரப்படும் எதிர்விசை எவ்வளவு என்பது பயிற்றுநரின் கைக்கு மட்டுமே தெரியும். நேற்றைய அளவை இன்று அப்படியே மீட்டுத் தருவதும் இயலாது.

இந்த இரு குறைகளையும் களைய முனைந்தவர் குஸ்டாவ் ஸாண்டர் (1835–1920). 1865இல் ஸ்டாக்ஹோமில் அவர் தொடங்கிய நிலையத்தில் 27 எந்திரங்கள் இருந்தன. நெம்புகோலின் மீது எடையை நகர்த்தி எதிர்விசையைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. ஓர் எந்திரம் ஒரு தசைத் தொகுதிக்கு உரியது. எடை நிற்கும் இடத்தைக் குறித்துவைத்தால் மறுநாளும் அதே விசையைப் பெறலாம். அளவிடத்தக்க எதிர்விசை என்னும் எண்ணம் மருத்துவத்தில் வேரூன்றியதில் ஸாண்டரின் பங்கு பெரிது. ஆனால் அதற்கான விலையும் பெரிது. வார்ப்பிரும்பு எந்திரங்கள் நிரம்பிய மண்டபத்தைச் செல்வர் நாடும் நலவாழ்வு நிலையங்களே தாங்கின. போர்முனையிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்திறங்கிய காயமுற்றோருக்கு அது பொருந்தவில்லை.

முதல் உலகப் போர் இந்தப் பொருத்தமின்மையை வெளிப்படுத்தியது. கனடாவைச் சேர்ந்த மருத்துவரும் சிற்பியுமான டெய்ட் மக்கென்சி பிரித்தானியப் படையின் மறுவாழ்வு முகாம்களில் பணியாற்றி, அந்தப் பட்டறிவை 1918இல் நூலாக்கினார். டொராண்டோவின் ஹார்ட் ஹவுஸில் உளவியலாளர் போட் தலைமையில் இயங்கிய பிரிவு, எளிய கருவிகளைத் தானே செய்துகொண்டது. தன் விரலோ மணிக்கட்டோ நேற்றைவிட இன்று எவ்வளவு கூடுதலாக அசைந்தது என்பதை வீரரே அளவுகோலில் கண்டறியும்படி அவை அமைந்தன. ஸாண்டரின் எந்திரத்தில் அளவு மருத்துவருக்கு உரியது. இங்கே அது நோயாளரின் கண்ணுக்கும் எட்டியது. வரலாற்று நூல்கள் இந்த இடமாற்றத்திற்குப் போதிய கவனம் தரவில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இக்காலத்தைப் பற்றிப் பேசுவோர் ஜோசப் பிலாட்டிஸை மறவாமல் குறிப்பிடுவர். செருமானியரான அவர் போர்க்காலத்தில் மான் தீவில் சிறைவைக்கப்பட்டிருந்தார் என்பது உறுதி. படுக்கையில் கிடந்தோருக்கு அவர் கட்டிற்சுருள்களைக் கழற்றிப் பயிற்சிக் கருவி செய்து தந்தார் என்னும் புகழ்பெற்ற செய்தியோ பிற்காலக் கூற்றுகளின் வழியே பரவியது. குறைந்த கருவியில் நிறைந்த பயன் என்னும் கருத்துக்கு அழகான முன்கதையாக அமைவதால் அது மீண்டும் மீண்டும் எடுத்தாளப்படுகிறது. அழகு சான்றாகாது. மருத்துவ இதழில் அளவுகளோடு பதிவான கதை ஒன்று இருக்கிறது. அது சிகாகோவில் தொடங்குகிறது.

2. கார்டினர் மருத்துவமனை, 1944

மிச்சிகன் ஏரிக்கரையில் இருந்த சிகாகோ பீச் ஓட்டல் போர்க்காலத்தில் படைத்துறை மருத்துவமனையாக மாற்றப்பட்டது. 1943இல் அலாஸ்காவில் வானூர்தி விபத்தில் உயிரிழந்த படைச் செவிலியர் ரூத் கார்டினரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. எலும்பு முறிவு, முழங்கால் அறுவை ஆகியவற்றுக்கு உள்ளான வீரர்களால் அது நிரம்பி வழிந்தது. தொடையெலும்பு முறிந்தவருக்கு மாதக்கணக்கில் மாவுக்கட்டு. கட்டுப் பிரிக்கப்படும்போது முன்தொடைத் தசை வற்றியிருக்கும். அதன் பின்னரும் வீரர் பல மாதங்கள் கட்டிலை விட்டு அகல இயலாது. புதிதாக வருவோருக்குக் கட்டில் இல்லை. எனவே தசையை விரைந்து மீட்பது மருத்துவச் சிக்கலாக மட்டுமன்றி ஆட்சிச் சிக்கலாகவும் ஆயிற்று.

அக்கால வழக்கம் எளிய பளுவைப் பலமுறை அசைப்பது. கயிறும் கப்பியும் கட்டி இரண்டொரு பவுண்டு எடையை நெடுநேரம் இழுப்பர், நிலைமிதிவண்டி மிதிப்பர், படியேறுவர். நலிந்த மூட்டுக்கு மிகுபளு தீங்கு என்பது மருத்துவ உலகின் பொது நம்பிக்கை. பளு தூக்குவோரின் தசை இறுகி விரைவை இழக்கும் என்னும் கருத்து உடற்கல்வி ஆசிரியர்களிடையேயும் நிலவிற்று. (இந்தக் கருத்தை ஸோர்பாஸ், கார்போவிச் ஆகியோர் சோதித்து 1951இல் முடிவுகளை வெளியிட்டனர். பளு தூக்குவோரும் தூக்காதோருமாக 600 பேரின் கைச்சுழற்சி விரைவை ஒப்பிட்டபோது தூக்குவோரே விரைவு மிக்கவராக விளங்கினர்.)

இத்தகைய சூழலில் 1944இல் அம்மருத்துவமனைக்கு வந்த இளம் மருத்துவர் தாமஸ் டெலார்ம் (பிறப்பு 1917). இளமையில் முடக்குக் காய்ச்சலால் மாதக்கணக்கில் படுத்த படுக்கையாய்க் கிடந்து, பின்னர் பளுப்பயிற்சியால் உடலைத் தேற்றிக்கொண்டவர் அவர். மருத்துவக் கல்லூரி கற்றுத் தராத ஒன்றைத் தம் உடலிலிருந்து அறிந்திருந்தார் என்று இதனை விளக்குவது வாழ்க்கை வரலாற்றாசிரியர்களின் வழக்கம். அது ஓரளவே உண்மை. பளு தூக்கி நலமடைந்தோர் அவருக்கு முன்னும் இருந்தனர். தம் பட்டறிவை அளவு, பதிவு, மறுசோதனை என்னும் மூன்றுக்கும் உட்படுத்தியதுதான் டெலார்மின் தனித்தன்மை. முழங்கால் காயத்தோடு இருந்த சார்ஜென்ட் ஒருவரே அவருடைய முதல் நோயாளர். அவரிடம் கண்ட முன்னேற்றம் பிறருக்கும் வழிதிறந்தது. 1945இல் எலும்பு மூட்டு அறுவை மருத்துவ இதழில் டெலார்ம் தம் முறையை வெளியிட்டபோது 300 பேர்க்கு மேற்பட்டோரிடம் அது கையாளப்பட்டிருந்தது.

3. கருவியும் அதன் இயக்கமும்

டெலார்மின் கருவியை ஸாண்டரின் மண்டபத்தோடு ஒப்பிட்டால் அதன் எளிமை வியப்பூட்டும். ஓர் இரும்புக் காலணி, அதன் அடித்தட்டின் குறுக்கே செல்லும் ஒரு கம்பி, கம்பியின் இரு முனைகளிலும் மாட்டும் வட்டத் தகடுகள், உட்கார ஒரு மேசை: அவ்வளவே. நோயாளர் மேசை விளிம்பில் முழங்கால் மடிய அமர்வார். காலணி பாதத்தில் வாரால் கட்டப்படும். அவர் காலை மெல்ல நீட்டி, ஒரு கணம் நிறுத்தி, மெல்லத் தாழ்த்துவார். காலணியின் எடையும் பளுவின் கணக்கில் சேரும்.

நிற்கவைத்து உட்கார்ந்தெழச் சொல்லாமல் அமரவைத்தே காலை நீட்டச் சொன்னதற்குக் காரணம் உண்டு. முன்தொடைத் தசை நலிந்திருக்கையில் முழங்கால் காப்பற்ற மூட்டு. உடலின் முழு எடையையும் அதன்மேல் ஏற்றி நடக்கவோ படியேறவோ செய்தால் மூட்டில் நீர்கோத்து வீங்கும். எனவே எடைதாங்காத நிலையில் முதலில் வலிமை, பின்னரே எடைதாங்கும் அசைவுகள் என்பது டெலார்ம் வகுத்த வரிசை. இதனோடு ஒட்டி அவர் பயிற்சியை இருவகையாகப் பிரித்தார்: மிகுபளுவைச் சிலமுறை தூக்குவது வலிமை தரும், குறைபளுவைப் பலமுறை அசைப்பது தாங்குதிறன் தரும், ஒன்றன் பயனை மற்றொன்று தராது. இப்பிரிவு இத்துணை இறுக்கமானதன்று எனப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆயினும் கப்பிக்கயிற்றை நாள் முழுதும் இழுத்தும் தொடை தேறாத வீரருக்கு அன்று தேவைப்பட்ட விளக்கம் இதுவே.

இரும்புக் காலணியின் எந்திரவியலும் கருதத்தக்கது. கால் செங்குத்தாகத் தொங்கும்போது பளு முழங்காலைத் திருப்பும் விசை ஏறத்தாழச் சுழியம். கால் கிடைமட்டத்தை நெருங்க நெருங்க அவ்விசை ஏறி, முழுநீட்டத்தில் உச்சமடையும். அறுவைக்குப் பின் நோயாளர் இழப்பதும் பெரும்பாலும் அந்தக் கடைசிப் பாகைகளைத்தான் என்பதால், கருவியின் இயல்பு தேவையோடு இசைந்தது. அதே இயல்பு தீங்காகவும் ஆகக்கூடும். தொங்கும் நிலையில் இரும்பு முழங்கால் தசைநார்களைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும்; ஆகவே ஓய்வின்போது பாதத்தைத் தாங்க ஒரு முக்காலி வேண்டும். முன் குறுக்குத் தசைநார் அறுவைகள் பெருகிய பின்னர், கடைசி 30 பாகை நீட்டத்தில் மிகுபளு அத்தசைநாரை இழுவைக்கு உட்படுத்துவது தெளிவாயிற்று. எனவே அந்நோயாளர்க்கு அசைவின் எல்லை சுருக்கப்பட்டது. காயத்துக்கு ஏற்பப் பயிற்சியை மாற்றுவது என்பது பளுவைக் குறைப்பது மட்டுமன்று. கோணத்தை, தாங்குநிலையை, ஓய்வை மாற்றுவதும் அதில் அடங்கும்.

4. பத்துமுறை உச்சப் பளு

கருவியைவிட நெடுநாள் வாழ்ந்தது அளவு. ஒரு தசையால் சரியாகப் பத்துமுறை தூக்க முடிகிற, பதினோராம் முறை தூக்க முடியாத பளுவை டெலார்ம் அடிப்படை அலகாகக் கொண்டார். இதனைப் ‘பத்துமுறை உச்சப் பளு’ எனத் தமிழில் குறிக்கலாம். ஒரே ஒருமுறை தூக்கத்தக்க பளு ‘ஒருமுறை உச்சப் பளு’. வாரம் ஒருமுறை இவ்விரண்டையும் புதிதாகக் கண்டறிந்து பதிவேட்டில் குறிப்பர். முன்னது அடுத்த வாரப் பயிற்சிக்கான பளு. பின்னது தேர்ச்சியின் அளவு. முதல் முறையில் ஒரு நாளுக்கு 7 முதல் 10 தொகுதிகள், ஒவ்வொன்றிலும் பத்துமுறை, ஆக 70 முதல் 100 முறை தூக்கவேண்டியிருந்தது.

இந்த அலகின் ஆழம் எளிதில் புலப்படாது. நம் ஊர்ப்புறத்து இளவட்டக்கல்லை எண்ணிப் பார்க்கலாம். கல்லின் எடை நிலையானது, தூக்குபவரே சோதிக்கப்படுகிறார். தூக்கினால் தேர்ச்சி, தூக்காவிட்டால் இல்லை. மல்லர் மேடையும் பளுதூக்கும் போட்டியும் இதே முறைமையின. டெலார்மின் அலகில் நிலையாக இருப்பது எண்ணிக்கை. பளு ஆளுக்கு ஆள், வாரத்துக்கு வாரம் மாறும். ஐந்து பவுண்டு தூக்குபவரும் ஐம்பது பவுண்டு தூக்குபவரும் ஒரே விதியின்கீழ் ஒரே அளவு உழைக்கிறார்கள். பளு என்பது பொருளின் பண்பாக இல்லாமல், பொருளுக்கும் தசைக்கும் இடையிலான உறவாக மாறிவிடுகிறது. நலமுள்ளோர் மட்டும் கூடும் இடத்தில் இத்தகைய அலகுக்குத் தேவை குறைவு. ஒரே அறையில் பத்து வகைக் காயங்கள் கிடந்த இடத்தில்தான் அது தவிர்க்க இயலாததாயிற்று. இன்று போட்டி வீரர்களின் பயிற்சித் திட்டங்கள் உச்சப் பளுவின் விழுக்காடுகளால் எழுதப்படுகின்றன. அம்மொழியின் மூலங்களில் ஒன்று இந்த மருத்துவமனைப் பதிவேடு.

போருக்குப் பின் டெலார்ம் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்குச் சென்று ஆர்தர் வாட்கின்ஸோடு இணைந்து பணியாற்றினார். 1948இல் இருவரும் வெளியிட்ட கட்டுரையில் முறை வெகுவாகச் சுருங்கியிருந்தது. பத்துத் தொகுதிகள் மிகை, மூன்று போதும். முதல் தொகுதி பத்துமுறை உச்சப் பளுவில் பாதி, இரண்டாவது முக்கால் பங்கு, மூன்றாவது முழுப்பளு. பத்துமுறை உச்சப் பளு 20 பவுண்டாயின் 10, 15, 20 பவுண்டு என வரிசை அமையும். மருத்துவ முறையொன்றை வகுத்தவரே மூன்றாண்டுக்குள் அதன் உழைப்பை மூன்றில் ஒரு பங்குக்குக் கீழ் குறைத்தது குறிப்பிடத்தக்கது. 1951இல் இருவரும் இதனை நூலாக்கினர்.

பெயரும் இதற்கிடையே மாறியது. 1945இல் ‘மிகு எதிர்விசைப் பயிற்சி’ எனப்பட்டது பின்னர் ‘படிவளர் எதிர்விசைப் பயிற்சி’ ஆயிற்று. பழைய பெயர் நோயாளரையும் மருத்துவரையும் அச்சுறுத்தியது. அதனினும் முதன்மையான காரணம், அது பொருந்தாமற் போனது. இளம்பிள்ளை வாதத்தால் தன் காலின் எடையையே தூக்கமாட்டாத சிறுவனிடம் ‘மிகுபளு’ என்று எதைக் கூறுவது? தமிழில் ‘பளுதூக்கும் பயிற்சி’ என்னும் தொடர் இன்றும் இப்பழைய பொருளையே சுமந்து நிற்கிறது. மறுவாழ்வு மருத்துவம் குறித்துத் தமிழில் எழுதுவோர் ‘எதிர்விசை’ என்னும் சொல்லை விரும்பி ஆள்வதற்கு இது போதிய காரணம்.

5. விதியைத் தலைகீழாக்கல்

அச்சிறுவனின் நிலைக்கு டெலார்மும் வாட்கின்ஸும் கண்ட தீர்வு இவ்வரலாற்றிலேயே நுண்மையானது. புவியீர்ப்பை எதிர்த்துக் காலை உயர்த்த இயலாத தசைக்குக் கப்பியின் மறுபுறத்தில் எடையைத் தொங்கவிட்டனர். இங்கே எடை எதிரி அல்ல, துணை. காலின் கனத்தில் ஒரு பகுதியை அது ஏற்றுக்கொள்கிறது. பத்துமுறை உயர்த்துவதற்குத் தேவையான மிகக் குறைந்த துணையெடையைக் கண்டறிவர். முதல் தொகுதியில் அதன் இருமடங்கு, அடுத்ததில் ஒன்றரை மடங்கு, மூன்றாவதில் அந்த எடை மட்டும். துணையெடை 10 பவுண்டாயின் 20, 15, 10 என இறங்குவரிசை. வாரந்தோறும் துணை குறையும். ஒருநாள் அது தேவையற்றுப் போகும். அதன்பின் அதே விதி நேர்த்திசையில் திரும்பி, எடை எதிர்விசையாகும்.

நலிந்த தசைக்கும் வலிய தசைக்கும் வெவ்வேறு மருத்துவம் என்னும் பழைய பிரிவு இங்கு உடைகிறது. இரண்டும் ஒரே அளவுகோலின் இரு புறங்கள், நடுவே சுழியம். இளம்பிள்ளை வாத நோயாளரின் முன்தொடைத் தசை இப்பயிற்சிக்கு எவ்வாறு துலங்கியது என்பதை ஷ்வாபும் சேர்ந்து எழுதிய 1948ஆம் ஆண்டுக் கட்டுரை பதிவு செய்கிறது. செத்த நரம்பிழைகளை எந்தப் பயிற்சியும் மீட்பதில்லை. எஞ்சிய இழைகளின் வலிமையே வளர்கிறது. இவ்வரம்பைச் சுட்டாமல் இம்முறையைப் போற்றுவது முறையாகாது.

விரைவில் மறுப்பும் எழுந்தது. ஆக்ஸ்போர்டில் பணியாற்றிய ஸினோவியெஃப் 1951இல் வரிசையைத் தலைகீழாக்கினார். டெலார்ம் முறையில் நோயாளர் முழுப்பளுவை எட்டுமுன் களைத்துவிடுகிறார் என்பது அவர் கண்டது. ஆகவே பத்துமுறை உச்சப் பளுவிலேயே தொடங்கி, தொகுதிதோறும் சிறிது சிறிதாகப் பளுவைக் குறைத்தார். தசையின் களைப்பு வளர வளரப் பளு குறைவதால் இரண்டும் இணையாகச் செல்லும் என்பது கருத்து. 1954இல் மக்மாரிஸ், எல்கின்ஸ் இருவரும் இரு முறைகளையும் ஒப்பிட்டபோது ஆக்ஸ்போர்டு முறை சற்றே கூடுதல் பயன் தந்தது. ஆனால் வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்கதாக இல்லை. முழங்கால் குளிர்ந்திருக்கையில் முதல் தொகுதியிலேயே உச்சப் பளுவை ஏற்ற எத்தனை மருத்துவர் துணிவர் என்னும் கேள்வியும் இருந்தது. டெலார்மின் ஏறுவரிசை நிலைத்ததற்கு அதன் உயர்பயனைவிட இந்த எச்சரிக்கையே காரணம் எனக் கொள்வது பொருத்தம்.

6. கருவி இல்லாதபோது

இரும்புக் காலணி எளியதாயினும் அதுவும் ஒரு கருவியே. மாவுக்கட்டுக்குள் கிடக்கும் காலுக்கு அதுவும் பயன்படாது. அசைக்க இயலாத தசையை இருந்த இடத்திலேயே இறுக்கும் பயிற்சி எலும்பு மருத்துவத்தில் முன்பே வழங்கியது. அதற்கு ஆய்வுக்கூட மதிப்பைத் தந்தவர்கள் டார்ட்மண்ட் நகரில் உழைப்பு உடலியல் ஆய்ந்த ஹெட்டிங்கரும் முல்லரும். 1953இல் அவர்கள் வெளியிட்ட முடிவு உலகை ஈர்த்தது: உச்சவிசையில் மூன்றில் இரு பங்கு அளவில், நாளுக்கு ஒருமுறை, ஆறு நொடி தசையை இறுக்கினால் வாரத்திற்கு ஏறத்தாழ 5 விழுக்காடு வலிமை கூடும்.

சுவரையோ கட்டிற் சட்டத்தையோ தள்ளினால் போதும் என்பதால், கருவியற்றோர்க்கு இதைவிட நல்ல செய்தி வேறில்லை. ஆனால் பின்வந்த ஆய்வுகளில் அந்த 5 விழுக்காடு நிலைக்கவில்லை. பயன் உண்டு, அளவு குறைவு. பெற்ற வலிமை பெரும்பாலும் பயின்ற கோணத்தை ஒட்டியே வெளிப்படுகிறது என்பதும் அறியப்பட்டது. ஆகவே இன்றைய மருத்துவர் ஒரே கோணத்தோடு நில்லாமல் பல கோணங்களில் இறுக்கச் சொல்கிறார்.

இதற்கிடையே ஒரு விந்தை நிகழ்ந்தது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் யார்க் நகரப் பளுதூக்கும் வீரர் சிலர் பெரும் முன்னேற்றம் கண்டனர். அது சமநீளச் சுருக்கப் பயிற்சியின் பயன் எனப் பறைசாற்றப்பட்டு, அதற்கான இரும்புச் சட்டகங்கள் விற்கப்பட்டன. அவ்வீரர்கள் அதே காலத்தில் மருத்துவர் ஸீக்லர் தந்த டயனபால் என்னும் ஊக்க மருந்தையும் உட்கொண்டிருந்தனர் என்பதைப் பிற்கால வரலாற்றாய்வுகள் நிறுவியுள்ளன. மருந்தின் பயன் முறையின் கணக்கில் எழுதப்பட்டது. உண்மை வெளிப்பட்டபோது முறையும் சேர்ந்து மதிப்பிழந்தது. மாவுக்கட்டுக்குள் கிடந்தோருக்கு உண்மையிலேயே உதவிய பயிற்சி, அதற்குத் தொடர்பற்ற வணிகத்தால் உடற்பயிற்சி உலகில் இருபது ஆண்டுகள் ஏளனத்துக்கு உள்ளானது. வலிமைப் பயிற்சி வரலாற்றை எழுதுவோர் போட்டி வீரர்களின் சான்றை எத்துணை எச்சரிக்கையோடு கையாளவேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

காயமுற்ற உறுப்பைத் தொடாமலே அதன் வலிமையைக் காக்கலாம் என்னும் செய்தி இன்னும் பழையது. 1894இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்சரும் அவருடன் பணியாற்றியோரும் ஒரு கையை மட்டும் பயிற்றியபோது, பயிலாத மறுகையின் வலிமையும் கூடக் கண்டனர். உளவியல் ஆய்வுக்கூடத்து விந்தையாக அது அரை நூற்றாண்டு கிடந்தது. 1940களில் பிரான்சிஸ் ஹெலபிராண்ட் அதனை மறுவாழ்வு மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு பக்கப் பயிற்சியால் மறுபக்கம் பெறும் வலிமை சராசரியாக 8 முதல் 12 விழுக்காடு என அண்மைக்காலத் தொகுப்பாய்வுகள் மதிப்பிடுகின்றன. தசை பருக்காமலே வலிமை ஏறுவதால் மாற்றம் நரம்பு மண்டலத்தில் நிகழ்கிறது எனக் கொள்ளவேண்டும். பயிற்சியின் முதற்கிழமைகளில் வலிமை ஏறுவதற்குத் தசைப்பருமனைவிட நரம்புத் தூண்டலே காரணம் என்பதை 1979இல் மாரிடானி, டெவ்ரீஸ் ஆகியோரின் ஆய்வு காட்டியது. இடக்கால் கட்டுக்குள் இருப்பினும் வலக்காலைப் பயிற்றுவது வீண்செயலன்று.

ஜப்பானியரான யோஷியாகி சாட்டோவின் வழி வேறு. 1973இல் பனிச்சறுக்கு விபத்தில் கணுக்கால் முறிந்தபோது, கட்டோடு இருந்த தம் காலின் தொடையில் பட்டை கட்டிக் குருதியோட்டத்தை இடைவிட்டு மட்டுப்படுத்தி, தசையை இறுக்கிப் பயின்றதை அவரே பின்னர் எழுதியுள்ளார். இதிலிருந்து வளர்ந்த முறையில் ஒருமுறை உச்சப் பளுவில் 20 முதல் 30 விழுக்காடே பயன்படுகிறது. மிகுபளு தாங்காத மூட்டுக்கு அது ஏற்றது. பட்டையின் அழுத்தத்தை அளந்து கட்டவேண்டும், குருதி உறைவுக்கு இடமுள்ளோர் விலகவேண்டும் என்பதால் வீட்டில் துணிகட்டிச் செய்யத்தக்கதன்று.

7. வார்டிலிருந்து வேலூருக்கு

டெலார்ம் சிகாகோவுக்கு வந்த அதே 1944இல், பிப்ரவரி முதல் நாள், இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டுக் காயப் பிரிவு தொடங்கியது. அதன் தலைவர் லுட்விக் குட்மன், நாஜி ஜெர்மனியிலிருந்து அடைக்கலம் தேடி வந்த நரம்பியல் மருத்துவர். இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவருக்குத் தோளும் கையுமே கால்கள். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறத் தன் உடலின் எடையைக் கைகளால் உயர்த்தவேண்டும்; அமர்நிலையில் உடல் சாயாமல் நிற்க முதுகுத் தசை வேண்டும். இவ்வலிமைக்கு வில்வித்தை ஏற்றது எனக் குட்மன் கருதினார். 1948 ஜூலை 29 அன்று 16 பேர் பங்கேற்ற வில்வித்தைப் போட்டியிலிருந்து மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக் வளர்ந்தது பலரும் அறிந்தது. அப்போட்டிக்கு முன்னர் அது ஒரு வலிமைப் பயிற்சி என்பது அவ்வளவாக நினைவுகூரப்படுவதில்லை.

தமிழகத்தோடு இவ்வரலாறு தொடும் இடம் வேலூர். கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் முதுகுத்தண்டில் காயமுற்று இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். பின்னர்ச் சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். அங்கே பால் பிராண்ட் வளர்த்த தசைநாண் மாற்று அறுவையில், ஒரு வேலைக்கென்று அமைந்த தசை வேறொரு வேலையைக் கற்கவேண்டியிருந்தது. கட்டுப் பிரித்த பின் அத்தசையைப் பயிற்றாவிடில் அறுவையின் பயன் கைக்கு எட்டாது. நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கின் நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பிய மேரி வர்கீஸ் அத்துறைக்குத் தலைமையேற்றார். 1966இல் உள்நோயாளருக்கான மறுவாழ்வு நிலையம் அங்கு உருவாயிற்று. அமெரிக்கப் படை மருத்துவமனைகளில் உருப்பெற்ற ஒரு மருத்துவம் இவ்வாறு தமிழகத்துக்கு வந்துசேர்ந்தது. நம் அரசு மருத்துவமனைகளின் இயன்முறைப் பிரிவுகளில் கணுக்காலில் கட்டும் மணற்பை, இரும்புக் காலணியின் ஏழை உறவினர் எனலாம்.

மணற்பைக்கு ஏற்ற கணக்கையும் இங்கே குறிப்பிடவேண்டும். வாரம் ஒருமுறை அளக்கும் டெலார்ம் முறை, நாளுக்கு நாள் மாறும் காயத்துக்கு மந்தமானது. கென்னத் நைட் 1979இல் வெளியிட்ட முழங்கால் பயிற்சி முறை இதனை நாள்கணக்காக்கியது. ஆறுமுறை தூக்கத்தக்க பளு அதன் அடிப்படை. அதில் பாதியைப் பத்துமுறையும் முக்கால் பங்கை ஆறுமுறையும் தூக்கிய பின், மூன்றாம் தொகுதியில் முழுப்பளுவை முடிந்த அளவு தூக்கச் சொல்வர். ஐந்து முதல் ஏழுமுறை முடிந்தால் நான்காம் தொகுதியில் அதே பளு. இரண்டுக்கு மேல் இயலாவிடில் ஐந்து முதல் பத்துப் பவுண்டு குறையும். பதின்மூன்றும் அதற்கு மேலும் ஆனால் பத்து முதல் பதினைந்து பவுண்டு கூடும். நான்காம் தொகுதியின் எண்ணிக்கை, இதேபோல், மறுநாள் பளுவை முடிவுசெய்யும். மூட்டு வீங்கிய நாளில் எண்ணிக்கை தானே குறைந்து, பளுவும் மறுநாள் குறையும். யாரும் கட்டளையிட வேண்டியதில்லை. இதற்குத் தேவையான கருவிகள் எடை தெரிந்த சில பைகள், ஒரு தாள், ஒரு பென்சில்.